புல்லும் பயறும் கேட்ட தீர்ப்பு

மாடு கன்றெல்லாம் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. புல் பூண்டுக்கும் அப்போது பேச்சு உண்டு. விடிந்தால் போதும், காடு கரையெல்லாம் சந்தை மாதிரி சளசளத்துக் கிடக்கும். ஒரு குடம் தண்ணீருக்குக் கிணற்றடி போய்வருவதற்குள் வழியில் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்! கிளுவை வேலி, "என்ன, இன்னைக்கு நேரமாயிருச்சு?" என்று கேட்கும். அதன்மேல் படுத்திருக்கும் கோவைக்கொடி, யார் வீட்டில் நேற்று என்ன குழம்பு என்று அடுத்த வேலிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். தொந்தரவாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் காட்டில் ஒருவன் தனியாக இருக்கிறான் என்ற பேச்சுக்கே அன்றைக்கு இடமில்லை.

அந்தக் காலத்தில் கொங்கு நாட்டில், மழை வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் ஒரு மேட்டுப் பூமியில், ராக்கியண்ணன் என்றொரு குடியானவன் இருந்தான். அவன் மனைவி பாவாயி. அவர்களிடம் ஒரு பசு இருந்தது. சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம். அந்த நிறத்து மாட்டை அங்கே மயிலை என்பார்கள். அவளுக்கும் அதுவே பேராக நின்றுவிட்டது.

மயிலை பிறந்த அன்றே தாயை இழந்தவள். ராக்கியண்ணன்தான் துணியைப் பாலில் நனைத்து அவள் வாயில் வைத்து வளர்த்தான். அவனை ஐயா என்பாள், பாவாயியை ஆத்தா என்பாள். கொஞ்சம் கரகரத்த குரல். வார்த்தையை இழுத்து இழுத்துப் பேசுவாள். பொழுது சாயும்போது ராக்கியண்ணன் பால் கறக்க உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பேச்சு ஓயாது.

"ஐயா, உங்க கை இன்னைக்கும் சில்லுனு இருக்குது. தேச்சுச் சூடு பண்ணீட்டு வந்தா ஆகாதா?"

"ஆகும், ஆகும். நீ காலை நகத்தி நில்லு."

"கொம்புக்குப் பின்னால கொஞ்சம் சொறிஞ்சு விடுங்க. அப்பறம் நகத்தறேன்."

"கறக்கறதுக்கு முன்னாலயே கூலி கேக்கறா பாரு."

அடுப்படியிலிருந்து பாவாயி சத்தம் போடுவாள். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கறதுக்குள்ள பாலு தயிராயிரும். ஒறையூத்தற வேலை எனக்கு மிச்சம்."

அவர்களுடைய பூமியை ஓர் இட்டேரி இரண்டாக வகுந்துகொண்டு போனது. இரண்டு பக்கமும் வேலி அடைத்த வண்டித்தடத்துக்கு இட்டேரி என்று பெயர். இரண்டு வேலியிலும் கதவு மாதிரி ஒரு படல் உண்டு. மேற்குப் பக்கம் முழுக்கக் கொழுக்கட்டைப் புல். கிழக்குப் பக்கம் முழுக்கத் தரையோடு படரும் நரிப்பயறு. இட்டேரி முடியும் இடத்தில் மாடு கட்டும் கட்டுத்தரை. அதைச் சுற்றி எதுவும் முளைக்காத கொஞ்சம் கரம்பு நிலம்.

புல்லைப் பெரியவள் என்றும் பயறைச் சின்னவள் என்றும் சொல்வார்கள். ஒரே மண்ணுக்கும் ஒரே மழைக்கும் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இரண்டு பேரும். பேச்சுவார்த்தை கிடையாது. பேசவில்லை என்றால் சும்மா இருந்தார்களா? நேருக்கு நேர் பேச மாட்டார்களே தவிர, மற்றவள் காதில் விழுகிற மாதிரி வேலியைப் பார்த்துப் பேசுவார்கள்.

"சில பேரு பொறந்ததுலருந்து பாய் விரிச்சுப் படுத்தே கெடக்கறாங்க. எந்திரிச்சு நிக்கத் தெம்பில்ல" என்பாள் பெரியவள்.

"நிமுந்து நின்னா ஆச்சா? மென்னா வெறுஞ்சக்கை. உள்ள ஒண்ணுமில்ல, ஒசரத்துக்குக் கொறைச்சலில்ல" என்பாள் சின்னவள்.

நடுவில் நிற்கிற வேலிக்குத்தான் கொண்டாட்டம்.

பகை வீடுகள் இரண்டு ஒரு தெருவில் இருந்தால் உறவினர் பாடு திண்டாட்டந்தான். ஒரு வீட்டில் கை நனைத்தவர் அடுத்த வீட்டுப் படி ஏற முடியாது. காட்டிலும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். பெரியவளிடம் மேய்கிற வாய் சின்னவளிடம் மேயக்கூடாது. சின்னவளிடம் மேய்கிற வாய் பெரியவள் பக்கம் திரும்பக்கூடாது. மாடுகள் வழிவழியாகப் பெரியவள் வீட்டு விருந்தாளிகள். வெள்ளாடுகளும் முயல்களும் சின்னவள் பக்கம். அப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

மயிலை போன ஈத்தில் ஒரு கன்று போட்டாள். அது நிற்கவே தடுமாறியது. பால் போதாமல் ஒரு நாள் காலையில் தலையைக் கீழே போட்டுவிட்டது. பாவாயி அதற்குப் பொன்னி என்று பேர் வைத்து, கழுத்துக்குக் கயிறெல்லாம் திரித்து வைத்திருந்தாள். அதற்குப் பிறகு வெகுநாள் மயிலை பேசவே இல்லை. கேட்டால் ஆம், இல்லை என்பதோடு சரி.

அடுத்த ஈத்திலும் கிடாரிக் கன்றுதான். மயிலை மாட்டுக் கன்றெல்லாம் பிறக்கும்போது சிவப்பாகத்தான் இருக்கும். வளர வளரத்தான் தாயின் நிறம் வரும். இதுவும் செம்மண்ணில் புரட்டி எடுத்த மாதிரி இருந்தது.

"என்ன பேர் வெக்கலாம்?" என்றான் ராக்கியண்ணன்.

"மொதல்ல பொழைக்கட்டுமுங்க. பேரு எங்கயும் ஓடிப் போகாது" என்றாள் பாவாயி. கன்றை அவள் தொடக்கூட இல்லை.

அந்த வருஷம் வெயில் அதிகம். பெரியவள் நிமிர்ந்துதான் நின்றாள். ஆனால் உடம்பில் பசுமை போய் வைக்கோல் நிறம் ஏறிவிட்டது. மயிலை காலையிலிருந்து மாலைவரை மேய்ந்தாள். வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருக்கும். கறக்க உட்கார்ந்தால் செம்பின் அடி நனையாது. கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் காம்பை விட்டுவிட்டு நிற்கும்.

"வயிறு நெறையுதுங்க ஐயா. மடி நெறையல. இதும் பொன்னியாட்டம் போயிருமா?" என்றாள் மயிலை.

ராக்கியண்ணன் கன்றின் வாயைப் பிடித்து மறுபடியும் காம்பில் வைத்தான். பாவாயிதான் சொன்னாள்.

"கிழக்க ஓட்டீட்டுப் போங்க."

"கிழக்க வாயை வெச்சா மேக்க படலைச் சாத்திருவாங்களே புள்ள. அப்பறம் காலத்துக்கும் அங்க போக முடியாது."

"கன்னு போயிட்டா எந்தப் படல் தொறந்திருந்து என்னங்க ஆகப்போகுது?"

மறுநாள் விடிந்ததும் ராக்கியண்ணன் மயிலையைக் கிழக்குப் படல் வழியாக உள்ளே விட்டான். சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. "வா, வா! இத்தன காலம் சக்கையத் தின்னு ஒடம்பக் கெடுத்துக்கிட்டயே. வயிறாரச் சாப்பிடு" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கூவினாள். மயிலையின் மடியில் பால் இறங்கியது. செம்பில் நுரை தளும்பியது. கன்று வாலைத் தூக்கிக்கொண்டு கட்டுத்தரையைச் சுற்றி ஓடியது. பாவாயி முதல்முறையாக அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள்.

கொஞ்ச நாள்தான் அந்தச் சந்தோஷம். ஒரு விடியற்காலையில் தூறல் போட்டது. சின்னவளின் இளந்தளிரெல்லாம் ஈரத்தில் மினுமினுத்தது. கன்றுக்கு இன்னும் பால் வேண்டும் என்ற ஆசையில் மயிலை நின்று நிதானிக்காமல் அள்ளி அள்ளித் தின்றாள். பொழுது உச்சிக்கு வருவதற்குள் அவளுடைய இடது வயிறு தம்பட்டம் மாதிரி உப்பிவிட்டது. தட்டினால் டம் டம் என்று சத்தம். மூச்சு வாங்கியது. நாக்கு வெளியே தள்ளியது.

வேப்பங்குச்சியை வாயில் குறுக்கே கட்டினார்கள். விளக்கெண்ணெயைத் தொண்டையில் ஊற்றினார்கள். பாவாயி முன்னால் கயிற்றைப் பிடித்து இழுக்க, ராக்கியண்ணன் விலாவை அமுக்கித் தேய்த்துக்கொண்டே, இட்டேரியில் மேலும் கீழுமாக நடத்தினார்கள். கன்று எதுவும் புரியாமல் பின்னாலேயே வந்தது. கடைசியில் மயிலை ஒரு பெரிய ஏப்பம் விட்டாள். ஊரே கேட்டிருக்கும். அப்புறந்தான் வயிறு இறங்கியது. இட்டேரியிலேயே படுத்துவிட்டாள்.

"இப்ப மடி நெறஞ்சுதுங்க ஐயா. வயிறு தாங்கல" என்றாள்.

ராக்கியண்ணன் யாரையும் கடிந்து பேசத் தெரியாதவன். அன்றைக்கு அவனுக்கு என்ன வந்ததோ, கிழக்கு வேலிக்கு மேலே எட்டி, "அம்மிணி, கூப்புட்டு வெச்சுக் கொல்லப் பாத்தயே! உன்ற வீட்டுச் சோறு இப்படியா?" என்று கத்திவிட்டான்.

"அள்ளி அள்ளிப் போட்டதுதான் என்ற தப்பா?" என்றாள் சின்னவள். "போதும், போதும். இனி இந்தப் பக்கம் வராதீங்க." இலைகளையெல்லாம் சுருட்டிக்கொண்டு மண்ணோடு மண்ணாகப் படுத்துவிட்டாள்.

வாயை விட்ட பிறகுதான் ராக்கியண்ணனுக்குப் பயம் வந்தது. மேற்கேயும் போக முடியாது, கிழக்கேயும் போக முடியாது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். புளியையும் உப்பையும் கரைத்து எடுத்துவந்து மயிலையின் வாயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். நாக்கு, பல், கடைவாய் ஒன்றையும் விடவில்லை. போதாதற்கு ஒரு கொத்து வேப்பிலையை மெல்லக் கொடுத்தான்.

"என்னங்க ஐயா, என்னைய யாராச்சும் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றாள் மயிலை.

"பேசாம இரு. பெரியவளுக்குப் பயத்தங்கொடி வாசம் தெரியக்கூடாது."

"அவளுக்கு மூக்கு எங்க இருக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. ஆனாலும் ஒன்றும் நடக்காத மாதிரி மேற்குப் படலைத் திறந்து மயிலையை உள்ளே விட்டான். பெரியவள் மயிலையை மேலும் கீழும் பார்த்தாள். காற்றில் மெதுவாக அசைந்துகொண்டிருந்தாள்.

"கொஞ்ச நாளாக் காணமே மயிலா?"

"ஒடம்பு சொகமில்லீங்க."

"அப்படியா? எங்க, ஒரு தடவை மூச்சு விடு பாக்கலாம்."

மயிலை மூச்சை அடக்கிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? விட்டாள்.

"வேப்பெலை வாசம்" என்றாள் பெரியவள். "அதுக்கடியில புளி. அதுக்கடியில உப்பு. அதுக்கும் அடியில..." என்று நிறுத்தினாள். பிறகு ராக்கியண்ணனைப் பார்த்து, "வாயைக் கழுவிக் கூட்டீட்டு வந்தயா? அவ வீட்டுல கை நனைச்சதக்கூட நான் பொறுத்திருப்பேன். என்னைய ஏமாளீன்னு நெனச்சயே, அதப் பொறுக்க மாட்டேன்" என்றாள். இலையோரத்தையெல்லாம் அறுக்கும் பதத்துக்குத் தீட்டிக்கொண்டாள். குனிந்த மயிலையின் மூக்கில் கோடு கோடாக ரத்தம் வந்தது.

இரண்டு படலும் சாத்தியாகிவிட்டது. வீட்டில் இருந்த தவிட்டையும் கூளத்தையும் போட்டு ராக்கியண்ணன் சமாளித்தான். கன்று ஓடுவதை நிறுத்தியது. பிறகு நிற்பதை நிறுத்தியது. படுத்த இடத்திலிருந்து தாயைப் பார்த்துக்கொண்டே இருந்தது. போன கன்றும் கடைசியில் இப்படித்தான் பார்த்தது.

பாவாயி அன்றைக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இட்டேரி நடுவில் போய் நின்றாள். அவள் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது.

"ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா எப்படி? ஒரு பச்சைக் கன்னு அங்க சாகக் கெடக்குது. யாரு ஒசத்தின்னுதான் உங்களுக்குத் தெரியணும்? எங்கிட்டக் கேக்காதீங்க, எனக்கென்ன தெரியும். தின்னவ மயிலை. அவளே சொல்லட்டும்!"

வேலி மூச்சுவிடாமல் கேட்டது. அப்புறம் பெரியவள், "சொல்லட்டுமே, எனக்கென்ன பயம்?" என்றாள். சின்னவளும், "எனக்கென்ன பயம்? தாராளமாச் சொல்லட்டும்" என்றாள். அவர்கள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

ஆனால் பிறகு பேச்சு வளர்ந்தது. தீர்ப்பு யார் காட்டிலும் நடக்கக்கூடாது, பொதுவான கட்டுத்தரையில்தான் நடக்க வேண்டும். இரண்டு தீனியையும் ஒன்றாகக் கலந்துதான் போட வேண்டும். இல்லாவிட்டால் யாருடையதை முதலில் தின்றாள் என்று அதற்கொரு சண்டை வரும். இதுவரைக்கும் சரி. அதற்கப்புறம் பெரியவள் சொன்னாள்:

"அவ யாரு பேரைச் சொல்றாளோ அவ இருக்கட்டும். இன்னொருத்தி வேரோட இந்தக் காட்டைவிட்டுப் போயிறணும்."

"நானும் அதேதான் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள் சின்னவள்.

பாவாயி வீட்டுக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேனுங்க மாமா. யாரு பேரைச் சொன்னாலும் இன்னொருத்தி போயிருவாளாம். புல்லு போயிட்டா மறுபடியும் வயிறு ஊதும். பயறு போயிட்டா மறுபடியும் மடி வத்தும். எப்படிப் பாத்தாலும் கன்னு நமக்கில்ல."

அன்று சாயங்காலம் ராக்கியண்ணன் வழக்கம்போல மயிலையின் பக்கத்தில் உட்கார்ந்தான். கறக்க ஒன்றும் இல்லை. பழக்கத்தில் உட்கார்ந்தான். மயிலை அன்றைக்கு நிறையப் பேசினாள். மேற்கே மேகம் கட்டுகிறதே, நாளைக்கு மழை வருமா என்று கேட்டாள். தான் கன்றாக இருந்தபோது அவன் பாலில் நனைத்துக் கொடுத்த துணி என்ன நிறம் என்று கேட்டாள். தன் தாய் எப்படி இருப்பாள், கொம்பு எந்தப் பக்கம் வளைந்திருக்கும் என்று கேட்டாள். பாவாயி செய்யும் கம்மங்கூழின் வாசத்தைப் பற்றிச் சொன்னாள். கன்றின் காது தன்னுடைய காது மாதிரியே இருக்கிறதல்லவா என்றாள்.

ராக்கியண்ணனுக்கு மனசெல்லாம் மறுநாள் தீர்ப்பின் மேல் இருந்தது. "ம்" என்றான். "ஆமா" என்றான். துணியின் நிறத்துக்கு, "ஞாபகமில்ல" என்றான். பாதி அவன் காதில் விழவே இல்லை.

"சரிங்க ஐயா. போய்ப் படுங்க. உங்களுக்கு ஓய்ச்சலா இருக்குது" என்றாள் மயிலை.

காலையில் ராக்கியண்ணன் அரிவாளோடு போய் மேற்கில் ஓர் அரி புல்லும், கிழக்கில் ஓர் அரி பயத்தங்கொடியும் அறுத்துவந்தான். இரண்டு பேரும் தங்களிடம் இருந்ததிலேயே நல்லதாகப் பார்த்துக் கொடுத்திருந்தார்கள். கட்டுத்தரையில் போட்டு, எது எங்கே என்று தெரியாதபடி புரட்டிப் புரட்டிக் கலந்தான். காட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வேலி மட்டும் எட்டிப் பார்த்து இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தது: "வாயை வெச்சுட்டா... திங்கறா... இன்னும் திங்கறா..."

அன்றுவரை மாடுகள் தின்றதை விழுங்கினால் அதோடு சரி. மயிலையும் எல்லாவற்றையும் தின்றாள். ஒரு துரும்புகூட விடவில்லை. பிறகு முன்னங்காலை மடித்துக் கன்றுக்குப் பக்கத்தில் படுத்தாள்.

"சொல்லு மயிலா, யாரு?" என்றது மேற்கு.

"பயப்படாமச் சொல்லு" என்றது கிழக்கு.

மயிலை வாயைத் திறந்தாள். கன்றைப் பார்த்தாள். பிறகு ராக்கியண்ணனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவனுக்கு அந்தப் பார்வை புரியவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள். கழுத்துக்குள் ஏதோ ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறியது. விழுங்கியதை மறுபடியும் வாய்க்குக் கொண்டுவந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மெதுவாக மெல்ல ஆரம்பித்தாள்.

"என்ன பண்றா?" என்றாள் பெரியவள்.

"இன்னும் ருசி பாக்கறா" என்றது வேலி.

"பாக்கட்டும், பாக்கட்டும். அவசரத்துல சொல்ற தீர்ப்பா இது?" என்றாள் சின்னவள்.

மென்றதை விழுங்கினாள். எல்லோரும் காதைத் தீட்டினார்கள். அடுத்த உருண்டை மேலே வந்தது. மறுபடியும் மென்றாள். வெயில் ஏறியது, இறங்கியது. மயிலை மென்றுகொண்டே இருந்தாள்.

"ஒரு வேளைத் தீனியில முடிவு பண்ண முடியல போல" என்றது வேலி.

"அப்படீன்னா நாளைக்கும் வந்து அறுத்துட்டுப் போ ராக்கியண்ணா. இன்னைக்குக் கொடுத்தது எளசு இல்ல. நாளைக்கு நல்லதாத் தர்றேன்" என்றாள் பெரியவள். சின்னவள் விடுவாளா? "நாளைக்குப் பூவும் பிஞ்சுமாத் தர்றேன்" என்றாள்.

அன்று மாலை ராக்கியண்ணன் செம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்சம் பால் இருந்தது. வயிறும் உப்பவில்லை.

"மயிலா, எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லு. என்ன நெனச்சிருக்கற?"

மயிலை ஒன்றும் சொல்லவில்லை.

"கை சில்லுனு இருக்குதா? தேச்சுட்டு வரட்டுமா?"

அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சொரசொரத்த நாக்கால் அவன் தோளை ஒரு தடவை நக்கினாள். அவன் எழுந்து அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, "ஒரு வார்த்தை பேசு தாயி. மழை வருமான்னாச்சும் கேளு" என்றான். பாவாயி வந்து அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"அவளைத் தொந்தரவு பண்ணாதீங்க மாமா. காத்து யாரு? ரெண்டு பேருக்கும் ஒறம்பரை, சொந்தக்காரன். கேட்டதையெல்லாம் கொண்டுபோய்ச் சொல்லீருவான். மழையைப் பத்திப் பேசுனா, 'பேசத்தான் வாயிருக்குதே, எங்களுக்குப் பதில் சொல்லு'ன்னு ரெண்டு பேரும் வந்து நிப்பாங்க. மெல்லற வரைக்குந்தான் கன்னுக்கு உசுரு. அவ இனிப் பேச மாட்டா."

"எத்தன நாளைக்கு?"

பாவாயி செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நேற்று சாயங்காலம் அவள் ஏன் அவ்வளவு பேசினாள் என்று ராக்கியண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தத் துணி மஞ்சள் நிறம். பாவாயியின் பழைய சேலையில் கிழித்தது. அவன் அதை இப்போது சொன்னான். மயிலை காதை ஆட்டினாள். வாய் மென்றுகொண்டே இருந்தது.

தினமும் இரண்டு பக்கத்திலிருந்தும் நல்ல தீனி வந்தது. தினமும் கலந்து போட்டார்கள். கன்று எழுந்து நின்றது, நடந்தது, துள்ளியது. ஒரு நாள் பசியில் தாயைப் பார்த்து, "அம்மா!" என்று கத்திவிட்டது. மயிலையும் தன்னை மறந்து, "ம்மா!" என்று குரல் கொடுத்துவிட்டாள். ராக்கியண்ணனுக்கு உயிரே போய்விட்டது.

"என்ன சொன்னா? என்ன சொன்னா?" என்று இரண்டு பக்கமும் பரபரத்தது.

"அம்மான்னு சொன்னாங்க. அதுல உங்க ரெண்டு பேரு பேரும் இல்ல" என்றது வேலி. அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாடுகள் வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று.

தூரத்தில் நின்று வேலி சொல்லிக் கேட்பதில் இரண்டு பேருக்கும் திருப்தி இல்லை. தீர்ப்பு வரும்போது மற்றவள் முதலில் கேட்டுவிட்டால்? பெரியவள் காற்றடிக்கும்போதெல்லாம் விதையைப் பறக்கவிட்டு, வேலி தாண்டிக் கட்டுத்தரையை ஒட்டிய கரம்பில் முளைத்தாள். சின்னவள் வேலிக்கு அடியில் ஊர்ந்து அதே கரம்புக்கு வந்து சேர்ந்தாள். பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டார்கள். இனி வேலியைப் பார்த்துப் பேச முடியாது.

"கொஞ்சம் நகந்து நில்லு. எனக்கு அவ வாயி தெரியல" என்றாள் சின்னவள்.

"தெரியலன்னா என்மேல ஏறிப் பாரேன்!" என்றாள் பெரியவள். குத்தலுக்குத்தான் சொன்னாள்.

சின்னவள் உண்மையாகவே அவள் தண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். பெரியவள் உதறிப் பார்த்தாள். விடவில்லை. உதறுகிற சத்தத்தில் மயிலை சொல்வது கேட்காமல் போய்விடுமே என்று சும்மா இருந்துவிட்டாள். பிறகு மழை பொய்த்து வெயில் காய்ந்தபோது, தன் காலடி மண் முன்னைவிட ருசியாக இருப்பதைப் பெரியவள் கண்டாள். சின்னவள் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகளாக ஏதோ வைத்திருந்தாள். அதிலிருந்து கசிந்து வந்தது. பெரியவளின் மேனியும் வைக்கோலாகாமல் பச்சையாகவே நின்றது. தரையில் கிடந்தால் வெந்துபோயிருக்கும் சின்னவளுக்கும் பெரியவளின் நிழலில் பூ உதிரவில்லை. இரண்டு பேரும் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஒருத்தி சொன்னால் தோற்ற மாதிரி ஆகிவிடும் அல்லவா? தீர்ப்புக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு பேச்சை அடக்கி அடக்கி, நாளடைவில் அவர்களுக்கும் பேச்சு மறந்துபோனது. அவர்கள் அடங்கியதும் வேலிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. காடு மெல்ல மெல்ல ஓய்ந்தது.

ராக்கியண்ணன் இனி எதையும் தனித்தனியாக அறுக்கவில்லை. மயிலையை அந்தக் கரம்பிலேயே அவிழ்த்துவிட்டான். ஒரு வாய்க்குப் புல்லும் கொடியும் சேர்ந்தே வந்தன. மடியும் வற்றவில்லை, வயிறும் உப்பவில்லை. மழைக்கு முன்னால் பாவாயி இரண்டு விதையையும் ஒரே மடியில் கட்டிக்கொண்டுபோய் மேற்கிலும் கிழக்கிலும் சேர்த்தே விதைத்தாள். பக்கத்துக் காட்டு மாடுகளும் மேய வந்தன. அவற்றிடமும் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று, மயிலையைப் பார்த்து அவையும் மேய்ந்து முடித்ததும் படுத்துக்கொண்டு மெல்லக் கற்றுக்கொண்டன. கன்று புல் கடிக்கத் தொடங்கியதும் அதுவும் கற்றுக்கொண்டது. அதன் சிவப்பு மாறிச் சாம்பல் ஏறியது. பாவாயி அதற்குச் செல்லி என்று பேர் வைத்தாள். செல்லியும் ஈன்றாள். அந்தக் கட்டுத்தரையில் கன்று இல்லாத வருஷம் என்று ஒன்று வரவில்லை.

ராக்கியண்ணனுக்கு வயதாகிவிட்டது. பால் கறப்பதைப் பாவாயி எடுத்துக்கொண்டாள். ஆனாலும் பொழுது சாயும்போது அவன் மயிலையின் பக்கத்தில் போய் உட்காருவான். அன்றைக்கு நடந்ததெல்லாம் சொல்லுவான். ஒரு நாள் உட்கார்ந்திருந்தவன் திடீரென்று பாவாயியைக் கூப்பிட்டான்.

"ஏ புள்ள, இவ குரல் எப்படி இருக்கும்?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க?"

"கரகரன்னு இருக்கும்னு தெரியுது. இழுத்துப் பேசுவான்னு தெரியுது. ஆனாக் காதுக்குள்ள வரமாட்டேங்குது. என்ன பண்ணியும் வரமாட்டேங்குது."

பாவாயி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் யோசித்துப் பார்த்தாள். ஒன்றிரண்டு தடவை வாயைத் திறந்து, மயிலை மாதிரி பேசிக்காட்ட முயன்றாள். வந்தது அவளுடைய சொந்தக் குரல்தான். இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மயிலை அவர்களைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணோரம் ஈரமாக இருந்தது. மாட்டின் கண் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும் என்று சொல்வார்கள். இருக்கலாம்.

அந்த மேட்டுப் பூமியில் இன்றைக்கும் மேய்ச்சலுக்கென்று வேலி அடைத்து விட்டிருக்கும் காட்டைக் கொரங்காடு என்கிறார்கள். மழை பெய்து கொஞ்ச நாள் கழித்து அங்கே போய் நின்றால் பார்க்கலாம். கொழுக்கட்டைப் புல் நிமிர்ந்து நிற்கும். நரிப்பயறு அதன் தண்டைச் சுற்றி ஏறி, நுனியைத் தூக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். வெள்வேல மர நிழலில் மாடுகள் முன்னங்காலை மடித்துப் படுத்துக் கண்ணைப் பாதி மூடி அசைபோட்டுக்கொண்டிருக்கும். என்ன கேட்டாலும் பதில் வராது. மயிலை அன்றைக்கு மூடிய வாய் அது. தீர்ப்பு இன்னும் வராததால்தான் புல்லும் பயறும் இன்றுவரை ஒன்றைவிட்டு ஒன்று நகராமல் அங்கேயே நிற்கின்றன.